ஒன்பதாவது குறை

எனக்குக் கோவம் மூக்குக்கு மேல நிக்கும். அதை முதல்லயே சொல்லிடுறேன். இல்லாட்டி, பின்னால நடந்ததைக் கேட்டுட்டு, ஏன் இந்தப் பொம்பளை இப்படின்னு நீங்க யோசிச்சுக்கிட்டே இருப்பீங்க.

எங்க அப்பா ஆண்டியப்பன் இலங்கை மலையகத்துல ஹட்டன் பஜார்ல பாத்திரக்கடை வச்சிருந்தாரு. கீழ எவர்சில்வர் குடமும் அலுமினியச் சட்டியும், மாடியில மூணு கம்ப்யூட்டர். மாடி என்னோட ராஜ்ஜியம். சனி, ஞாயிறுல கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பேன், மத்த நாள்ல சில்லு எழுதுவேன். இராஜகுமாரின்னு பேர் வச்சதுக்கு ஒரு மாடியாவது கிடைச்சுச்சேன்னு அம்மா கிண்டல் பண்ணுவாங்க.

சில்லுங்கிறது நான் மூணு வருஷமா எழுதின மென்பொருள். அதை வச்சு நீங்களே ஒரு விளையாட்டு செய்யலாம். கம்ப்யூட்டர் படிச்சிருக்க வேணாம். திரை கட்டம் கட்டமா இருக்கும். மரம் வேணும்னா மரத்தை வரைஞ்சு ஒரு கட்டத்துல வைக்கணும், பூனை வேணும்னா பூனையை. அப்புறம் தமிழ்லயே ஒரு வரி எழுதணும்: பூனை தொட்டா எலி மறையும். அவ்வளவுதான், விளையாட்டு ஓடும். விக்கிறதுக்காகச் செஞ்சதில்ல, ஆசைக்குச் செஞ்சது. சின்ன வயசுல கொழும்புல ஒரு சொந்தக்காரங்க வீட்டுல கம்ப்யூட்டர் விளையாட்டைப் பாத்துட்டு, இதை யார் செய்யிறா, நம்ம செஞ்சா ஆகாதான்னு கேட்டவ நான். அந்தக் கேள்வி என்னை விடவே இல்ல.

கூட வேலை பாத்தது ஜெயதீபன். யாழ்ப்பாணத்துக்காரரு, ஹட்டன்ல ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு மாஸ்டர். பள்ளிக்கூடம் விட்டதும் மாடிக்கு வந்துடுவாரு. பூனை குதிச்சா எவ்வளவு உயரம் போகணும், பந்து பட்டா எந்தப் பக்கம் திரும்பணும், இந்த மாதிரி கணக்கெல்லாம் அவரு பொறுப்பு. பேசுறதுக்கு முன்னாடி மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரு. அதுக்குள்ள நான் பேசி முடிச்சு, சண்டையும் போட்டு முடிச்சிருப்பேன்.

2003 ஜூலையில எங்களுக்குள்ள பெரிய சண்டை. சில்லு முக்கால்வாசி முடிஞ்சிருந்துச்சு. அதை அப்படியே சோதனைப் பதிப்புன்னு போட்டு ஊருக்கே திறந்து விட்ரலாம்னேன் நான். யார் வேணும்னாலும் எடுத்துப் பாக்கட்டும், எங்க பிழை இருக்குன்னு எழுதட்டும், நம்ம ரெண்டு பேர் கண்ணுக்குப் படாதது நூறு பேர் கண்ணுக்குப் படும். அவரு வேணாம்னாரு. நாமளே பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துல உக்காந்து பாத்துத் திருத்தி, முடிச்சுட்டுத்தான் வெளிய விடணும்னாரு.

"ஊருக்குத் திறந்து விட்டா சனம் தங்கட தங்கட ஆசையத்தான் எழுதும், பிழைய எழுதாது" அப்படின்னாரு. எனக்கு வந்துச்சே பாருங்க கோவம். பத்துப் பேரை வச்சு முடிக்கிறதுக்குள்ள நமக்குத் தலை நரைச்சிரும்னு சொல்லிட்டு, அன்னைக்கே தூக்கி இன்டர்நெட்ல போட்டேன். சொந்தமா விளையாட்டு செய்யிற கருவிகளைப் பத்தி மட்டும் பேசுற ஒரு மன்றம் இருந்துச்சு, இங்கிலீஷ்ல. சில்லுவுக்கு இங்கிலீஷ் பதிப்பும் வச்சிருந்ததால வெளிநாட்டுக்காரங்களும் எடுத்தாங்க. இங்க நம்ம பக்கத்துல, என் வகுப்புக்கு வர்ற பதினோரு பேருக்கு ஆளுக்கொரு ப்ளாப்பியில போட்டுக் குடுத்தேன்.

மூணு மாசத்துல முந்நூத்து நாப்பது பேர் எடுத்திருந்தாங்க. நூத்திப் பன்னெண்டு கடிதம் வந்துச்சு. எனக்குத் தலைகால் புரியல. போலந்துல ஒருத்தர் மழை பெய்யணும்னாரு, மழை வச்சேன். பிரேசில்ல ஒருத்தர் துப்பாக்கி கேட்டாரு, முணுமுணுத்துக்கிட்டே வச்சேன். சென்னையில ஒரு பையன் பேய் மாதிரி சிரிக்கிற சத்தம் கேட்டான், அதுக்கு நானே சிரிச்சுப் பதிஞ்சேன், கீழ கடையில குடம் பாத்துக்கிட்டு இருந்த ஒரு அம்மா பயந்துட்டாங்களாம். நல்லதும் வந்துச்சு, இல்லைங்கல. போலந்துக்காரர் சொன்னதுக்கு அப்புறம்தான் சில்லு ரெண்டு மடங்கு வேகமா ஓடிச்சு. பாத்தீங்களா மாஸ்டர், உலகமே நமக்காக வேலை பாக்குதுன்னு ஜெயதீபன்கிட்ட பீத்திக்கிட்டேன். அவரு கண்ணாடியைத் துடைச்சாரு.

நம்ம பதினோரு பேருக்கு மட்டும் நான் ஒரு படிவம் அடிச்சு வச்சிருந்தேன். மேல பேர், எந்தத் தேயிலைத் தோட்டம், அதுல எந்த டிவிஷன். அதுக்குக் கீழ, நேர்ந்த தவறு என்ன, எப்போது நேர்ந்தது. கடைசியில கையெழுத்து. பாங்க்ல குடுக்குற படிவம் மாதிரி அம்சமா இருந்துச்சு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நிரப்பித் தருவாங்க. பதினோரு படிவத்துலயும் ஒரே பதில்தான்: எல்லாம் நல்லா இருக்கு, நன்றி. அதைப் படிச்சு நான் சந்தோசப்பட்டேன். மூணு மாசம் சந்தோசப்பட்டேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

அக்டோபர்ல ஒரு வாய்ப்பு வந்துச்சு. தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் குடுக்குற ஒரு திட்டம், நுவரெலியாவுல அதுக்குப் பொறுப்பா பேரின்பநாயகம்னு ஒரு அதிகாரி. அவரும் யாழ்ப்பாணத்துக்காரருதான். ஜெயதீபன் கூட்டிக்கிட்டுப் போனாரு. சில்லுவைப் பாத்துட்டு, நல்லா இருக்கு, நாப்பது பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்லயும் போட்டுத் தாறேன்னாரு. ஆனா ஒரு நிபந்தனை. இது சாதாரண ஆளுங்க விளையாட்டு செய்யிறதுக்குத்தானே, அப்ப கம்ப்யூட்டர் படிக்காத ஒருத்தர் இதை வச்சு முழுசா செஞ்ச ஒரு விளையாட்டைக் கொண்டு வந்து காட்டணும். நவம்பர் முப்பதுக்குள்ள.

நாப்பது பள்ளிக்கூடம்! பஸ்ல திரும்பி வர்றப்போ எனக்குக் கால் தரையில படல. முழு விளையாட்டுக்கு யார்கிட்ட போறதுன்னு யோசிக்கவே இல்ல. சீதாக்கா இருந்தாங்களே.

சீதாலெட்சுமிக்கு அப்ப முப்பத்திரண்டு, முப்பத்திமூணு வயசு இருக்கும். திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்துல பிள்ளைக் காம்பராவுல வேலை. கொழுந்து பறிக்கப் போற அம்மாமார் பிள்ளைகளை விட்டுட்டுப் போவாங்கல்ல, அந்த இடம். அங்க யாரோ குடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்துச்சு, அதைப் படிச்சுக்கத்தான் என் வகுப்புக்கு வந்தாங்க. வகுப்புல வாயைத் திறக்க மாட்டாங்க. ஆனா அவங்க செய்யப்போற விளையாட்டைப் பத்திச் சொன்னப்போ எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ராக்காயின்னு ஒரு பொண்ணு, தலையில கூடை. அட்டை கடிக்காம, மழையில வழுக்கி விழாம, கொழுந்தைப் பறிச்சு நிரப்பிக்கிட்டு, சங்கு ஊதுறதுக்குள்ள மடுவத்துக்கு, அதான் கொழுந்து நிறுக்குற கொட்டகைக்கு, வந்து சேரணும். ஏழு மலை, ஏழு கட்டம். காம்பராவுல இருக்குற பெரிய பிள்ளைங்களுக்கு விளையாடக் குடுக்கணும், அதுங்க அம்மா என்ன வேலை பாக்குறான்னு அதுங்களுக்குத் தெரியணும்னு சொன்னாங்க. எனக்கு அந்த நிமிஷமே அவங்களைப் பிடிச்சுப் போச்சு.

தீபாவளி முடிஞ்ச முதல் சனிக்கிழமை, ப்ளாப்பியைக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். வகுப்புல எல்லாரும் இருந்தாங்க. ஜெயதீபனும் இருந்தாரு. இப்பப் பாருங்க ஒரு முழு விளையாட்டைன்னு பெருமையா சொல்லிட்டுத் திறந்தேன்.

ஒரு மலை. அதுவும் பாதி. ராக்காயி நடுவுல நிக்கிறா, கையில கூடை கூட இல்ல.

மூணு மாசமா என்ன செஞ்சீங்க, நாப்பது பள்ளிக்கூடம் உங்களை நம்பித்தான் இருக்கு, முடியாதுன்னா முதல்லயே முடியாதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, ஒவ்வொரு வாரமும் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்களே, அப்ப தொட்டே பாக்காமத்தான் எழுதினீங்களான்னு, பத்துப் பேருக்கு முன்னுக்கு வச்சு ஏசிட்டேன். சீதாக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாங்க. ஜெயதீபன் என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டாரு, நான் காதுல வாங்கல.

நான் மூச்சு விட நிப்பாட்டுனப்போ அவங்க மெதுவா சொன்னாங்க: "இது நாலாவது தடவைங்க மிஸ்."

எனக்குப் புரியல. என்ன நாலாவது தடவைன்னு கேட்டேன். செஞ்சது காணாம போயிருதுங்க, நான்தான் எதையோ தப்பா அமுத்திடுறேன் போலன்னாங்க. முதல் தடவை மூணு மலை முடிச்சிருந்தாங்களாம். ரெண்டாவது தடவை அஞ்சு. மூணாவது தடவை ஆறரை.

அன்னைக்கு வகுப்பு சரியா நடக்கல. எல்லாரும் போனதுக்கப்புறம் ஜெயதீபன்கிட்ட, அந்த அக்கா என்னமோ தப்பா அமுத்துறாங்க, நேர்ல போய்ப் பாத்தாத்தான் தெரியும்னேன். அப்பவும் எனக்குச் சில்லு மேல சந்தேகமே வரல பாருங்க.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போனேன். இறங்கி ரெண்டு மைல் நடை, தூத்தல் வேற. பிள்ளைக் காம்பரா தேயிலைப் பெக்டரிக்குப் பின்னாலயே இருந்துச்சு. சீதாக்கா சேலையை இழுத்து விட்டுக்கிட்டு ஓடி வந்தாங்க, அன்னைக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி பாலில்லாத ப்ளேன்டி ஊத்திக் குடுத்தாங்க. பிள்ளைங்க சாப்பிட்டுத் தூங்குன பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கம் போவேன், பன்னெண்டரையில இருந்து ரெண்டு மணி வரைக்கும்தான் எனக்கு நேரம்னாங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க் ரொம்பிப் போயிருந்ததால, நான் குடுத்த ஒரே ப்ளாப்பியிலயேதான் வேலை எல்லாம்.

பக்கத்துல உக்காந்து பாத்தேன். சும்மா சொல்லக்கூடாது, அவங்க வேலை அவ்வளவு சுத்தம். என் வகுப்புல நான் காட்டின மாதிரியே, ஒரு கட்டம் பிசகாம. தப்பா எதையும் அமுத்தல. கால் மணி நேரம் போச்சு. காலையில பறிச்ச கொழுந்து நிறுத்து முடிஞ்சு பெக்டரிக்கு வந்து சேந்துச்சு. கொழுந்தை வாட்டுறதுக்குப் பெரிய காத்தாடிங்க இருக்கு, ஒண்ணொண்ணா போடுவாங்க. முதல் காத்தாடியைப் போட்ட சத்தம் கேட்டுச்சு. காம்பராவுல பல்ப் மங்கி, மஞ்சளாகி, திரும்ப எரிஞ்சுச்சு. கம்ப்யூட்டர் அணைஞ்சு திரும்ப முதல்ல இருந்து கிளம்புச்சு.

"தினம் இப்படித்தானா?"ன்னு கேட்டேன்.

ஆறு காத்தாடிங்க, ஆறு தடவை அணையும்னாங்க, கிணத்துல தண்ணி இறைக்கிறதைச் சொல்ற மாதிரி சாதாரணமா. கம்ப்யூட்டர் திரும்ப வந்ததும் சில்லுவைத் திறந்தாங்க. பாதி மலை அப்படியே இருந்துச்சு. இன்னைக்குப் பரவால்லீங்கன்னு சிரிச்சாங்க.

எனக்கு அப்பத்தான் சில்லு மேல சந்தேகம் வந்துச்சு. என் பையில இருந்த ப்ளாப்பியை எடுத்துப் போட்டு, புதுசா ரெண்டு மரம் வரைஞ்சு, சேவ் பண்ணி வச்சேன். அப்புறம் மூணாவது மரம் வரைஞ்சுட்டுக் காத்திருந்தேன். அடுத்த காத்தாடி உறுமும்போது சேவ் பொத்தானை அமுத்தினேன். ப்ளாப்பி விளக்கு பச்சையா எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே பல்ப் மங்குச்சு. திரும்ப வந்து திறந்தேன். வெள்ளைத் திரை. மரம் ஒண்ணுகூட இல்ல. ஒரு எச்சரிக்கை இல்ல, ஒரு செய்தி இல்ல, இப்பத்தான் புதுசா தொடங்குற மாதிரி சுத்தமா இருந்துச்சு.

விசயம் இதுதான். சேவ் பண்ணும்போது சில்லு முதல்ல பழையதை அழிக்கும், அப்புறம்தான் புதுசை எழுதும். நடுவுல கரண்ட் விழுந்தா பழையதும் போச்சு, புதுசும் போச்சு. அது போதாதுன்னு, அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவை தானாவே சேவ் பண்ற மாதிரி வேற வச்சிருந்தேன், அதுல எனக்குப் பெரிய பெருமை. ப்ளாப்பியில எழுத எவ்வளவு நேரம் எடுக்கும்னு உங்களுக்குத் தெரியும். இன்னொண்ணும் செஞ்சிருந்தேன். வெறும் பைலைத் திறந்தா பிழைன்னு காட்டாம, புது விளையாட்டு மாதிரி காட்டச் சொல்லியிருந்தேன், புதுசா பழகுறவங்க பயந்துரக் கூடாதுன்னு. என் மாடியில யூபிஎஸ் இருந்துச்சு, கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் அணையாது. ஹட்டன்ல பொறந்து வளந்தவ, மழைக்கு மழை கரண்ட் போறதைப் பாத்தவ, யூபிஎஸ் வாங்கின அன்னையோட அதை மறந்துட்டேன்.

சீதாக்கா ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினாங்க. கட்டம் போட்ட கணக்குக் கொப்பி. ஏழு மலையையும் கட்டம் கட்டமா கலர் பென்சில்ல வரைஞ்சு வச்சிருந்தாங்க. ரெண்டாவது தடவை போனதுக்கு அப்புறம்தான் இப்படி வரைஞ்சு வச்சாங்களாம், கொப்பியில இருந்தா போகாதுல்லன்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. கோவக்காரிக்கு அழுகையும் சீக்கிரம் வரும்.

ஏன் அக்கா என்கிட்ட சொல்லல, ஒவ்வொரு வாரமும் படிவம் குடுத்தேனேன்னு கேட்டேன். அவங்க தூங்குற ஒரு பிள்ளைக்குப் போர்வையை இழுத்து விட்டாங்க.

"மிஸ், எங்க பக்கம் ஒரு குறைன்னா சங்கத் தலைவர்கிட்ட சொல்லுவோம். எல்லாருக்குமா சேத்து அவரு தோட்டத்து ஆபிஸ்ல பேசுவாரு. தனியாளா பேரு, தோட்டம், டிவிஷன் எல்லாம் போட்டு, தவறு என்னன்னு எழுதிக் கையெழுத்து வச்சுக் குடுத்தா, அது நாம செஞ்ச தவறுன்னுதான் ஆபிஸ் பைல்ல போகும். நீங்க ஓசியில குடுத்தீங்க, அதையும் குறை சொல்லி எழுதுவாங்களா?"

மத்த பத்துப் பேரும் இப்படித்தானான்னு கேட்டேன். அதுல ஆறு பேருக்கு இப்படிக் காணாமப் போயிருக்கும்ங்க, பஸ்ல வர்றப்போ பேசிக்குவோம்னாங்க.

பஸ்ல பேசிக்கிட்டாங்க! என் மாடிக்கு ஏறுற படிக்குக் கீழ வரைக்கும் அந்தப் பேச்சு வந்திருக்கு. படி ஏறினதும் எல்லாரும் நல்லா இருக்கு நன்றின்னு எழுதியிருக்காங்க. படிவத்தை அப்படி அடிச்சு வச்சது நான்.

மறுநாள் ஜெயதீபன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நான்தான் அப்பவே சொன்னேனேன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் திரும்பச் சண்டைக்குப் போயிருப்பேன். அவரு சொல்லல. மன்றத்துல வந்த நூத்திப் பன்னெண்டு கடிதத்தையும் முதல்ல இருந்து படிப்பம்னாரு. படிச்சோம். அறுபத்தோராவது கடிதம் வங்காளதேசத்துல இருந்து ஒருத்தர் எழுதியிருந்தாரு. ரெண்டே வரி. என் விளையாட்டு காணாமப் போச்சு, திறந்தா வெள்ளையா இருக்கு, எங்க ஊர்ல கரண்ட் அடிக்கடி போகும், அதனாலயா இருக்குமா? அதுக்குக் கீழ என் பதில். நீங்கள் தெரியாமல் புதியது என்ற பொத்தானை அமுத்தியிருப்பீர்கள், கவனமாக இருங்கள்.

எழுதின ஞாபகம் கூட எனக்கு இல்ல. அன்னைக்குத்தான் பேய்ச் சிரிப்பு பதிஞ்சிருக்கேன், தேதி இருந்துச்சு.

ஜெயதீபன் அதைப் படிச்சுட்டு, "நான் சொன்னதும் பிழைதான். சனம் எழுதியிருக்கு" அப்படின்னாரு. அந்த மனுசனுக்கு அன்னைக்குத்தான் முதல் தடவையா நானே ப்ளேன்டி போட்டுக் குடுத்தேன்.

திருத்துறது பெரிய வேலை இல்ல. புதுசைத் தனியா எழுதி முடிச்சுட்டு அப்புறம் பழையதை எடுக்கணும், பழைய பிரதி மூணு வச்சிருக்கணும், வெறும் பைலா இருந்தா வெறும் பைல்னு சொல்லணும். நாலு நாள்ல முடிச்சோம். ஆனா நவம்பர் முப்பதுக்குள்ள சீதாக்கா ஏழு மலையை நாலாவது தடவையா கட்டி முடிக்க முடியாது. அவங்க முடியும்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். இன்னும் என்னென்ன ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாது, அதை நாப்பது பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் வச்சா, நாப்பது இடத்துல பிள்ளைங்க நான்தான் தப்பா அமுத்திட்டேன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்.

நுவரெலியாவுக்குப் போய்ப் பேரின்பநாயகம் ஐயாகிட்ட, இன்னும் ஆகலைங்க, போடாதீங்கன்னு சொன்னேன். அவரு கையில வச்சிருந்த பட்டியல்ல சில்லுன்னு எழுதியிருந்துச்சு. "பிள்ளை, இந்த வருஷப் பட்டியல் இந்த மாசத்தோட முடியுது. அடுத்த வருஷம் என்ன வரும் எண்டு என்னால சொல்லேலாது" அப்படின்னாரு. எனக்கும் தெரியும்னேன். பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டாரு. மூணு வருசம், ஒரு கோடு. வர்ற வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டேன்.

வங்காளதேசத்துக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரல. ப்ளாப்பி ஆளுக்கு மூணு குடுத்தேன். சோதனையை மூடிடலாமான்னு ஜெயதீபன் கேட்டாரு. வேணாம், திறந்தே இருக்கட்டும்னேன், நான்தான் வாசல்ல நின்னு வர்றவங்களை விரட்டினேன், வாசல் என்ன பண்ணும்? பழைய படிவத்தைக் கிழிச்சுப் போட்டேன். புதுசுல பேர் இல்ல, தோட்டம் இல்ல, டிவிஷன் இல்ல, கையெழுத்து இல்ல. ரெண்டு கேள்விதான். இந்த வாரம் என்ன செய்யப் பாத்தீங்க? எங்க வந்து எரிச்சல் வந்துச்சு? எழுதினதை மடிச்சு ஒரு அலுமினியச் சட்டிக்குள்ள போட்டுட்டுப் போகலாம், சட்டி அப்பா கடையில இருந்து எடுத்தது. முதல் வாரம் சட்டியில நாலு சீட்டு. எல்லாத்துலயும் எரிச்சல் இல்லீங்கன்னு இருந்துச்சு. ரெண்டாவது வாரம் ஒருத்தர், எழுத்து ரொம்பச் சின்னதுன்னு எழுதியிருந்தாரு. அதைப் படிச்சுட்டு நான் குதிச்ச குதியில கீழ அப்பா என்னாச்சுன்னு கத்தினாரு. மூணாவது வாரம் பன்னெண்டு சீட்டு, சில பேர் ரெண்டு ரெண்டா போட்டிருந்தாங்க.

சீதாக்காவோட சீட்டு மட்டும் வரல. வகுப்புக்கு வருவாங்க, பாடம் எழுதுவாங்க, போயிருவாங்க. சட்டி பக்கமே போக மாட்டாங்க. கேக்க எனக்கு வாய் வரல.

பொங்கல் முடிஞ்ச சனிக்கிழமை, வகுப்பு முடிஞ்சு எல்லாரும் இறங்கினதுக்கு அப்புறம் அவங்க என் மேசைக்கு வந்தாங்க. ப்ளாப்பி ஒண்ணும், நாலா மடிச்ச தாள் ஒண்ணும் வச்சாங்க. சட்டியில போடல, கையிலயே குடுத்தாங்க. பஸ்ல இடம் பிடிக்கணும்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாங்க.

ப்ளாப்பியை முதல்ல போட்டோம். ஏழு மலை. ராக்காயி தலையில கூடை. நான் விளையாடினேன், ரெண்டாவது மலையில அட்டை கடிச்சுச் செத்தேன். ஜெயதீபன் விளையாடினாரு, மடுவத்து வாசல்ல சங்கு ஊதிருச்சு. திரும்ப விளையாடினாரு. கண்ணாடியைத் துடைக்கவே இல்ல.

அப்புறம் தாளைப் பிரிச்சேன். நான் கேக்காத எல்லாம் மேல இருந்துச்சு: சீதாலெட்சுமி, தோட்டத்துப் பேர், மேல் டிவிஷன். கீழ நம்பர் போட்டு எழுதியிருந்தாங்க. ராக்காயி மேட்டுல ஏறும்போது பாதி உடம்பு மண்ணுக்குள்ள போகுது. மழை சத்தத்தைக் குறைக்க முடியல, பிள்ளைங்க முழிச்சுக்குதுங்க. அழிக்கிறதும் நகத்துறதும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, கை தவறுது. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவை சேவ் பண்றேன்னு நடுவுல வந்து நிக்கிது. இப்படியே எட்டுக் குறை. எட்டும் உண்மை. முந்நூத்து நாப்பது பேர்ல ஒருத்தர்கூட இப்படி எழுதினது இல்ல.

கடைசி வரி இப்படி இருந்துச்சு:

"ஒன்பது. அன்னைக்கு எல்லாருக்கும் முன்னுக்கு வச்சு நீங்க என்னைய ஏசினது சரியில்லீங்க மிஸ்."

கீழ கையெழுத்து. முழுப் பேரும் போட்டு.

முகம் சுட்டுச்சு எனக்கு. வெக்கம்தான், ஆனா அதுக்குள்ள ஒரு நிம்மதியும் இருந்துச்சு. இத்தனை மாசமா தலைவர் வழியா வராத, பஸ்லயே நின்னுபோன பேச்சு, படி ஏறி என் மேசைக்கு வந்துருச்சு.

எத்தனை குறை எண்டு ஜெயதீபன் கேட்டாரு. ஒம்பது, எட்டை நீங்க பாருங்கன்னு தாளை அவருகிட்ட குடுத்துட்டுச் செருப்பை மாட்டினேன். திம்புள்ள பஸ் கிளம்பக் கால் மணி நேரம் இருந்துச்சு. வகுப்புல இருந்தவங்க எல்லாரும் அந்த பஸ்லதான் உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு முன்னுக்குத்தான் ஏசினேன், அவங்களுக்கு முன்னுக்குத்தான் மன்னிப்புக் கேக்கணும்.